அந்த நாலு பேரும் அண்ணியும்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணி,

உங்க நாத்தனார் எழுதறேன். நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். அம்மாவோட முட்டிவலிதான், வீட்டைக் காலி பண்ணாத குடித்தனக்காரன் மாதிரி, போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டே உக்காந்திருக்கு. நீங்களும் அண்ணனும் சுகமா இருப்பீங்கன்னு நம்பறேன்.

விஷயத்துக்கு வர்றேன். நம்ம குழு உங்க ஊருக்கு வருது. ஜூலை பத்தொன்பது, சனிக்கிழமை, உங்க ஊர் மைதானத்துல கச்சேரி. பேப்பர்ல நாலு வரிதான் போட்டிருந்தான். நான் நாப்பது தடவை படிச்சிட்டேன்.

எந்தக் குழுன்னு கேப்பீங்க. நீங்க வாக்கப்பட்டு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி கதை இது. எனக்குப் பதினொரு வயசு, அண்ணனுக்குப் பதினேழு. யாரோ சிநேகிதன்கிட்டேருந்து ஒரு கேசட் கொண்டுவந்தான். ராக் பாட்டு. அம்மாவுக்கு அது பாத்திரக் கடையில பூனை புகுந்த சத்தம். எங்க ரெண்டு பேருக்கும் அன்னைக்கு ராத்திரி சோறே இறங்கல. அந்த நாலு பேரோட நிஜப் பேரு எங்க வாயில நுழையாது, நாங்களே பேரு வச்சிட்டோம். பாடறவர் கரகரப்பு. கிட்டார்காரர் சுருட்டை. பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் நெட்டை. டிரம்ஸ்காரர் தச்சர். வாசிக்க வர்றதுக்கு முன்னாடி நிஜமாவே தச்சு வேலை பாத்தவராம்.

எனக்கு உசிரு தச்சர்தான். டிரைவிங் ஸ்கூல்ல என்கிட்ட கத்துக்க வர்றவங்களுக்கு இன்னைக்கும் கார்ல அவர் வாசிப்பைப் போட்டுக் காட்டறேன். "இந்த மனுஷன் அவசரப்படவும் மாட்டார், ஒரு தடவைகூட லேட்டா வரவும் மாட்டார். கிளட்ச்சையும் அப்படித்தான் விடணும்"னு சொல்லுவேன். போன வாரம் ஒரு பேங்க் ஆபீசர், எல்லாத்தையும் கேட்டுத் தலையாட்டிட்டு, நேரா குப்பைத்தொட்டியில ஏத்திட்டார். என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கறதால உயிரோட எழுதறேன்.

நான் வர்றேன் அண்ணி. இத்தனை வருஷம் எடுக்காம விட்ட லீவுலேருந்து ஒரு வாரம் எழுதிக் குடுத்துட்டேன். முப்பத்தொன்பது வயசுல தனியா வெளிநாடு போய்ப் பாட்டுக் கேக்கப்போறியா, நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு அம்மா கேட்டாங்க. அந்த நாலு பேரு என்ன சொல்றாங்கன்னு கேக்கத்தான்மா போறேன்னு சொன்னேன்.

விசாவுக்கு அண்ணன் கையெழுத்துப் போட்ட அழைப்புக் கடிதம் வேணும். கச்சேரிக்கு ரெண்டு டிக்கெட் வேணும், எனக்கும் அண்ணனுக்கும். அவனுக்கு எழுதினா பத்துப் பக்கம் கிண்டல்தான் வரும். அதனால உங்களுக்கு எழுதறேன்.

உடம்பைப் பாத்துக்கங்க.

உங்க நாத்தனார்


மார்ச் 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

கடிதம் வந்துச்சு. அத்தைக்கு முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் குடுக்கிறியா? விடாம குடு.

பதில் தாமதமாயிருச்சு, தப்பா எடுத்துக்காதே. சலவைக் கடையில நானும் இன்னொரு பொண்ணும் தைச்ச இடத்துல இப்ப நான் மட்டும்தான். நாள் முழுக்க பேன்ட் கீழ்மடிப்பு, ஜிப்பு, இடுப்புப் பிடிக்கிறது. ஊர்ல பாதிப்பேரு இளைக்கிறாங்க, பாதிப்பேரு பெருக்கிறாங்க. என் ஊசிக்கு ஓய்வே இல்லை.

நீ வர்றேன்னு சொன்னது சந்தோஷம். ஆனா எங்க வீடு உனக்குத் தெரியாது. ஒரு ரூம், ஒரு சமையல் மூலை. குளியலறைக் கதவு முழுசாச் சாத்தாது. ஜூலையில அவருக்கு என்ன வேலை வருமோ, சொல்ல முடியல. டிக்கெட்டும் கிடைக்கிறது கஷ்டம்னு கடைக்கு வர்றவங்க பேசிக்கறாங்க. அடுத்த வருஷம் பாக்கலாமே.

அவரும் நலம்.

அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணி,

இங்க சுகம். ஒத்தடம் நடக்குது. "மருமக சொன்னாளாம், இவ செய்யறாளாம், நான் சொன்னப்ப காது கேக்கல"ன்னு அம்மா முணுமுணுக்கறாங்க.

கதவு சாத்தாட்டி நான் பாட்டுப் பாடிக்கிட்டே குளிக்கிறேன், ஆள் இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம். சமையல் மூலையில ஒரு பாய் விரிச்சா போதும். அடுத்த வருஷம்னு நீங்க சொல்றீங்க. கரகரப்புக்கு இப்பவே அறுபது நெருங்குது. அடுத்த வருஷம் அவர் கரகரக்கிறாரோ இல்லையோ.

அண்ணி, ஒண்ணு கேக்கறேன், வெளிப்படையாச் சொல்லுங்க. அண்ணனுக்கு என்மேல கோவமா? இந்த ஒரு வருஷமா நான் எப்ப போன் போட்டாலும் நீங்கதான் எடுக்கறீங்க. அண்ணன் குளிக்கிறான், இல்ல தூங்கறான், இல்ல இப்பத்தான் வெளிய போனான். அவன் வேலை பாக்கற செருப்புக் கடையில ஒரு ஜோடி வாங்க வந்தவரை மூணு ஜோடி வாங்க வைக்கிற வாய் அவனுக்கு. ஊமைப் படத்துக்குப் போனாலும் வசனம் பேசறவன்னு மாமா சொல்லுவார். அப்பா போனதுக்கு அவன் வர முடியாதப்ப நான் நாலு வார்த்தை கடுமையா எழுதினேன். அதை மனசுல வச்சிருக்கானா?

வரவேண்டாம்னா வரவேண்டாம்னு எழுதிடுங்க. வீடு சின்னது, கதவு சாத்தலைன்னு எழுதாதீங்க.

உங்க நாத்தனார்


ஏப்ரல் 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்.

கோவம் யாருக்கும் இல்லை. அதை முதல்ல மனசுலேருந்து எடு.

அழைப்புக் கடிதம் இதோட வச்சிருக்கேன். கீழ அவர் கையெழுத்துப் போட்டிருக்கார். டிக்கெட் ரெண்டு கிடைச்சிருச்சு. நடு வரிசை, நடைபாதையை ஒட்டின இருக்கை. உக்காந்து எழுந்திரிக்கச் சௌகரியமா இருக்கட்டும்னு அப்படிக் கேட்டு வாங்கினேன். வரிசையில நின்னவங்கள்ல நான் ஒருத்திதான் கையில டிபன் டப்பாவோட நின்னிருப்பேன். முன்னாடி நின்ன பொண்ணு, நீங்க எத்தனை வருஷமா ரசிகைன்னு கேட்டா. காலையிலேருந்துன்னு சொன்னேன்.

நான் கச்சேரிக்கு வரலை. சனிக்கிழமை கடையில ஆள் கிடையாது. எனக்கு அந்தப் பாட்டு ஒண்ணும் விளங்காது.

அத்தைக்கு என் வணக்கம்.

அண்ணி


ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணி,

எல்லாரும் சுகம். நீங்க ரெண்டு பேரும் எப்படி?

உங்களை என்ன சொல்லிப் புகழறதுன்னு தெரியல. பாட்டே பிடிக்காத ஆளு எனக்காக வரிசையில நின்னிருக்கீங்க. டிரைவிங் ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் நடு வரிசை டிக்கெட்டுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்.

விசா கிடைச்சிருச்சு. அங்க இருந்த அதிகாரி பயணத்தோட நோக்கம் என்னன்னு கேட்டார். கச்சேரின்னேன். யாரோடதுன்னார். சொன்னேன். எழுதிக்கிட்டிருந்த பேனாவை வச்சிட்டு, அந்த ரெண்டாவது கேசட்டை நீங்க கேட்டிருக்கீங்களான்னார். பின்னாடி வரிசையில நின்னவங்க சத்தம் போடற வரைக்கும் பேசினோம்.

ஆனா அந்தக் கையெழுத்தைப் பத்தி அவரே கேட்டார், இது உங்க அண்ணன் போட்டதுதானான்னு. கோழி கிளறின மாதிரி இருக்கு. அண்ணனோட கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும், உங்களுக்குத் தெரியாததா. அம்மா அந்தக் காகிதத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. மடிச்சு என்கிட்ட குடுத்துட்டாங்க.

அண்ணனுக்குக் கையில அடியா? என்னன்னு எழுதுங்க அண்ணி.

உங்க நாத்தனார்


மே 25

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ நல்லா இருக்கணும். இதைத் தனியா உக்காந்து படி. அத்தைகிட்ட காட்டாதே.

போன வருஷம் மே மாசம், ஒரு திங்கக்கிழமை, கடையில ஒருத்தருக்குச் செருப்பை மாட்டிவிடக் குனிஞ்சவர் அப்படியே சரிஞ்சுட்டார். மூளையில ரத்தக்குழாய் அடைப்பு. இருபத்திமூணு நாள் ஆஸ்பத்திரி. வலது கை தூக்க வராது. வலது காலை இழுத்து, கம்பு ஊன்றி நடக்கறார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை.

பேச்சு போயிருச்சு. நாம சொல்றது எல்லாம் புரியுது, நினைக்கிறதும் தெளிவா இருக்கு, வார்த்தைதான் வாய்க்கு வரமாட்டேங்குது. ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருக்கு. "அதான்." சோறு வேணுமான்னா அதான். வேண்டாமான்னாலும் அதான். கோவம் வந்தா அதான், அழுகை வந்தா அதான். எந்த அதான் எதுக்குன்னு குரலை வச்சுத்தான் நான் கண்டுபிடிக்கிறேன். பத்துக்கு எட்டு சரியா வரும்.

ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்ச அன்னைக்கே உங்களுக்குச் சொல்லணும்னு போனை எடுத்தேன். இடது கையால என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. அம்மாவுக்குத் தெரியக்கூடாது, தங்கச்சிக்குத் தெரியக்கூடாது. அவர் வாய்விட்டுக் கேக்க முடியாததாலயே என்னால மறுக்க முடியல. நானும் சரின்னுட்டேன். ஒரு வருஷமா "அவரும் நலம்"னு எழுதிக்கிட்டிருக்கேன். ஒவ்வொரு தடவை எழுதறப்பவும் பேனா அந்த இடத்துல நிக்கும்.

அவர் வெளிய வர்றதில்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். கடைக்காரங்க பாக்க வந்தாங்க, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டார். அத்தனை பேசின மனுஷன்.

நீ வரவேண்டாம்னுதான் முதல்ல நினைச்சேன். உன் ரெண்டாவது கடிதத்தை அவர் முன்னாடி வச்சேன். அதுல அவருக்கு உன்மேல கோவமான்னு நீ கேட்ட இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவினார். அப்பறம் அழைப்புக் கடிதத்தை எடுத்து வைன்னு காட்டி, இடது கையால கையெழுத்துப் போட்டார். அதுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆச்சு. மூணு காகிதம் வீணாச்சு. டிக்கெட் ரெண்டு வாங்கியிருக்கேனே தவிர அவர் வருவாருன்னு சத்தியமா எனக்குத் தோணல. இதை நான் உனக்கு எழுதினதும் அவருக்குத் தெரியாது.

வாசப்படியில அவரைப் பாத்து நீ அதிர்ச்சியாகிற முகத்தை அவர் பாத்துடக்கூடாது. அதுக்குத்தான் இப்ப எழுதறேன்.

அண்ணி


ஜூன் 7

அண்ணி,

படிச்சேன். கார்லயே உக்காந்து படிச்சேன், என்ஜினை நிறுத்திட்டு. ஒரு பாடம் ரத்து பண்ணினேன்.

அம்மாகிட்ட சொல்லல.

அதிர்ச்சி, அழுகை எல்லாத்தையும் இங்கயே முடிச்சிட்டு வர்றேன். வாசப்படியில என் முகம் சரியா இருக்கும். புதுசா ஓட்டறவங்க லாரிக்கு நேரா வண்டியை விடறப்பகூட முகத்தை மாத்தாம உக்காந்திருக்கறதுதான் என் தொழில்.

நீங்க தனியா இத்தனை நாள்.

ஜூலை பதினைஞ்சு காலையில வர்றேன். உங்களுக்கு என்ன வேணும்? அண்ணனுக்கு இல்லை, உங்களுக்கு.

உங்க நாத்தனார்


ஜூலை 20, விமானத்தில்

அன்புள்ள அண்ணி,

நீங்களும் அண்ணனும் பத்திரமா வீடு போய்ச் சேந்திருப்பீங்க. பக்கத்து சீட்டுக்காரர் குறட்டை விடறார். சின்ன மேசையை இறக்கி வச்சு எழுதறேன்.

விமான நிலையத்துக்கு வர்ற வழியெல்லாம், கச்சேரி எப்படி இருந்துச்சுன்னு கேட்டீங்க. நல்லா இருந்துச்சுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டேன். அண்ணனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அவனைப் பத்தியே பேச எனக்கு வரல. இப்ப முதல்லேருந்து சொல்றேன்.

நேத்து நீங்க அவன் பழைய நீலச் சட்டையை இப்பத்திய உடம்புக்குத் தகுந்த மாதிரி பிடிச்சு, இஸ்திரி போட்டு, கட்டில்ல வச்சிட்டு, கடைக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டீங்க. வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. அவன் அந்தச் சட்டையையே பாத்துக்கிட்டிருந்தான். அப்பறம் எடுத்து மாட்டிக்கிட்டான். ஆறு பொத்தான், இடது கை. கிட்டத்தட்ட அரைமணி நேரம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, எதிர்வீட்டு மாடியில துணி காயறதை எண்ணிக்கிட்டிருந்தேன். ஒரு பொத்தான் மாறிப் போச்சு. அப்படியே கிளம்பினோம்.

மைதானத்து வாசல்ல கூட்டத்தைப் பாத்ததும் நின்னுட்டான். திரும்பிடலாம்னு கம்பால காட்டினான். நான் தடுக்கல. ஆனா பின்னாடி அவ்வளவு பேரு வந்துட்டாங்க, திரும்ப வழியில்லை. யாரோ ஒரு முரட்டு ஆளு, கையெல்லாம் பச்சை குத்தினவர், "வழி விடுங்க, வழி விடுங்க"ன்னு கத்திக்கிட்டே முன்னாடி நடந்து எங்களை இருக்கை வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டு, நன்றி சொல்றதுக்குள்ள போயிட்டார்.

அண்ணி, அவங்க மேடைக்கு வந்தாங்க. சுருட்டைக்குத் தலையில ஒரு முடி கிடையாது. நெட்டை கூன் போட்டுட்டார். தச்சரை நான் மலை மாதிரி நினைச்சிருந்தேன், என் தோள் உயரம்கூட இருக்கமாட்டார், கண்ணாடி வேற. வந்தவர் உடனே வாசிக்கல. முக்காலியை ஆட்டிப் பாத்தார். ஆடுச்சு. கீழ உக்காந்து திருகாணியை முறுக்கி, மறுபடி ஆட்டிப் பாத்து, அப்பறம்தான் ஏறி உக்காந்தார். அத்தனை ஆயிரம் பேரு கத்தறாங்க, அவருக்கு முக்காலி முக்கியம். என் மனுஷன்னு நினைச்சுக்கிட்டேன். முதல் அடி விழுந்துச்சு பாருங்க, எனக்கு நெஞ்சுக்கூட்டுக்குள்ளேருந்து வந்த மாதிரி இருந்துச்சு. இருபத்தெட்டு வருஷமா ஒட்டுப்போட்ட கேசட்ல கேட்டது வெறும் நிழல். கரகரப்புக்கு மேல்ஸ்தாயி போயிருச்சு. ஆனா எட்டாத இடத்துக்குப் போற மாதிரி நடிக்கல. எட்டற இடத்துலேயே நின்னு, அதையே அவ்வளவு அழகாப் பாடினார்.

அண்ணன் கல்லு மாதிரி உக்காந்திருந்தான். ஒண்ணு, ரெண்டு, ஆறு பாட்டு. கை கம்பு மேல. இவனை இழுத்துக்கிட்டு வந்து வதைக்கிறேனோன்னு எனக்குத் தோணுச்சு.

ஏழாவது பாட்டுல மழை. தூறல் இல்லை, கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. யாரோ ஓடிவந்து மேடைக்குக் கரண்டை நிறுத்திட்டாங்க. விளக்கு போச்சு, சத்தம் போச்சு. முடிஞ்சதுன்னு எல்லாரும் எழுந்தாங்க. அப்ப கரகரப்பு மேடைக் கூரையை விட்டு வெளிய வந்து மழையில நின்னார். சுருட்டை சாதாக் கிட்டார் ஒண்ணை எடுத்துக்கிட்டு வந்தார். நெட்டை வந்தார். தச்சர் ஒரே ஒரு சின்ன டிரம்மைத் தூக்கிக்கிட்டு வந்து மேடை விளிம்புல காலைத் தொங்கப் போட்டு உக்காந்தார். மைக் இல்லாம அந்த முதல் கேசட்டோட முதல் பாட்டை ஆரம்பிச்சாங்க. முன்வரிசைக்குத்தான் கேட்டிருக்கும். முன்வரிசை அதை வாங்கிப் பாடுச்சு, அவங்ககிட்டேருந்து பின்வரிசை வாங்குச்சு. அப்படியே எங்க வரைக்கும் வந்துச்சு.

அந்தப் பாட்டை அண்ணனும் நானும் படிச்சது எப்படின்னு சொல்லணும். அப்ப அந்த மொழியில எங்களுக்கு ஒரு எழுத்து தெரியாது. காதுல விழுந்தபடி தமிழ்ல எழுதி வச்சுப் பாடுவோம். அதுல ஒரு வரி எங்களுக்கு "ஆறு கிலோ வெங்காயம்"னுதான் கேக்கும். ஏன் இவ்வளவு சோகமா வெங்காயம் கேக்கறார்னு நான் கேட்டேன், விலை ஏறியிருக்கும்னு அண்ணன் சொன்னான்.

அண்ணி, என் இடது பக்கத்துலேருந்து ஒரு குரல் வந்துச்சு. "ஆறு கிலோ வெங்காயம்."

நான் திரும்பல. ஓட்டக் கத்துக்கறவங்க முதல் தடவை தன்னால சரியா ஓட்டறப்ப அவங்க பக்கம் திரும்பிப் பாக்கக்கூடாது. பாத்தா காலு தடுமாறிடும். ரோட்டைப் பாக்கணும். நான் தச்சரைப் பாத்துக்கிட்டிருந்தேன். அடுத்த வரி வந்துச்சு. அதுக்கடுத்த வரி. அச்சுப் பிசகாம எல்லாத் தப்போடயும், பதினேழு வயசுல பாடினானே அதே மாதிரி. அந்த ஊர்ல இத்தனை வருஷம் இருந்து சரியான வார்த்தையெல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனா வந்தது இதுதான். பாட்டு முடியற வரைக்கும் அவன் நிறுத்தல. நானும் சேந்துக்கிட்டேன். முகமெல்லாம் மழை, எது மழைன்னு தெரியல. கம்பு எப்பவோ கீழ விழுந்து கிடந்துச்சு.

முடிஞ்சதும் என்னைப் பாத்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். "அதான்"தான் வந்துச்சு. ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம்.

இதைத்தான் நான் நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்.

உங்க நாத்தனார்


ஆகஸ்ட் 16

அன்புள்ள நாத்தனாருக்கு,

நாங்க நல்லா இருக்கோம். இந்தத் தடவை நிஜமாவே எழுதறேன்.

உன் கடிதத்தைப் பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்ககிட்ட கொண்டுபோய் வாசிச்சுச் சொன்னேன். பேசறது ஒரு வழி, பாடறது இன்னொரு வழி, ஒரு வழி அடைபட்டாலும் சிலருக்கு இன்னொண்ணு திறந்திருக்கும்னாங்க. போன வருஷமே அவரைப் பாடச் சொல்லிப் பாத்திருக்காங்க, அவர் வாயையே திறக்கல. இப்ப திறக்கறார். வாரத்துக்கு மூணு நாள் போறார். பஸ்ல போறார். வேணுங்கறதை ராகமா இழுத்துச் சொல்லப் பழக்கறாங்க. போன வியாழக்கிழமை "தண்ணி குடு"ன்னு பாடினார். நான் டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு நின்னுட்டேன். மறுபடியும் பாடினார், கோவமா. எல்லாருக்கும் முழுசாத் திரும்பாது, மெதுவாத்தான் வரும்னும் சொல்லியிருக்காங்க. வர்றது வரட்டும்.

வெங்காயம் இப்ப எங்க வீட்டுல வாரம் நாலு தடவை கேக்குது. நான் வாங்கித்தான் வச்சிருக்கேன்.

நீ கிளம்பினதுலேருந்து சமையல் மூலை காலியா இருக்கு. உனக்கு நான் ஒண்ணும் செய்யல. நீதான் செஞ்ச.

அத்தைகிட்ட எப்படிச் சொல்லப்போற?

அண்ணி


செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணி,

இங்க சுகம். அம்மா உங்க ரெண்டு பேருக்கும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாங்க.

சொல்லிட்டேன். ஒரு வாரமா ஒத்திகை பாத்து, பக்கத்துல உக்காந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு, அம்மா பதறாம கேளுன்னு ஆரம்பிச்சேன். அம்மா கீரையை ஆஞ்சுக்கிட்டே, தெரியும்டின்னாங்க. "என் பிள்ளை பேசாம இருக்கான்னா, ஒண்ணு தூங்கறான், இல்லேன்னா முடியாம இருக்கான். ஒரு வருஷமா எவனாவது தூங்குவானா?" அந்தக் கையெழுத்தைப் பாத்ததும் எந்தக் கைன்னும் தெரிஞ்சிருக்கு. ஏன்மா கேக்கலைன்னேன். "அவ ஒருத்தி எல்லாத்தையும் தாங்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கா. நான் போய் என்ன ஏதுன்னு உலுக்கினா அவ கை நழுவிடாதா?"ன்னாங்க. கீரையை எடுத்துக்கிட்டு அலசப் போயிட்டாங்க. அன்னைக்குக் கீரையில மண்ணு இருந்துச்சு.

இப்ப நான் ஒண்ணு கேக்கணும். கச்சேரி அன்னைக்கு நீங்க டாக்சியோட மைதானத்து வாசலுக்கு வந்தீங்க, என்னை அனுப்பிவைக்க. கடையிலேருந்து நேரா வர்றேன்னு சொன்னீங்க. உங்க கடை வாசல்லேயே டாக்சி நிக்கும், நனைய வழியில்லை. ஆனா உங்க முந்தானையைப் பிழிஞ்சா ஒரு சொம்பு தண்ணி வந்திருக்கும். செருப்பெல்லாம் சேறு. எங்களைவிட நீங்க அதிகமா நனைஞ்சிருந்தீங்க. அப்ப எனக்கு உறைக்கல. நேத்து ஒரு பொண்ணுக்கு மழையில ஓட்டச் சொல்லிக்குடுக்கறப்ப சட்டுன்னு தோணுச்சு.

அன்னைக்கு எங்க இருந்தீங்க அண்ணி?

உங்க நாத்தனார்


செப்டம்பர் 22

அன்புள்ள நாத்தனாருக்கு,

எல்லாரும் சுகமா இருக்கணும். அத்தை சொன்னதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் எனக்கு ஊசியில நூல் கோக்க வரல.

நீ கேட்டதால சொல்றேன். அன்னைக்கு நான் கடைக்குப் போகல. முந்தின வாரமே லீவு சொல்லி வச்சிருந்தேன். தெருமுனை மருந்துக்கடைக்குள்ள நின்னுக்கிட்டு, அவர் இறங்கி வர்றாரான்னு பாத்தேன். நீலச் சட்டையைப் பாத்ததும் அடுத்த பஸ்ல ஏறிட்டேன். நான் கூட வந்திருந்தா, இவளும் வந்துட்டாளா, இத்தனை பேரு என்னைத் தூக்கிக்கிட்டுப் போகணுமான்னு நினைச்சு வீட்டுக்கே திரும்பியிருப்பார். வராட்டி எனக்கு இருப்புக் கொள்ளாது. மைதானத்துச் சுவர் ஓரமா, ரெண்டாம் நம்பர் கேட்டுக்கிட்ட நின்னேன். பையில அவர் மாத்திரை, ஒரு மாத்துச் சட்டை, ஆஸ்பத்திரி நம்பர் எழுதின சீட்டு.

சுவருக்கு இந்தப்பக்கம் தும் தும்னு அதிர்வு மட்டும்தான் வரும். உன் தச்சர்னு நினைக்கிறேன். சுவத்துல கையை வச்சா கைக்குள்ள தெரியுது. மழை வந்துச்சு, நின்னேன். திடீர்னு எல்லாச் சத்தமும் நின்னுபோச்சு பாரு, என் உசிரே போயிருச்சு. கரண்டை நிறுத்தினது எனக்கு எப்படித் தெரியும்? அவருக்குத்தான் என்னமோ ஆயிருச்சு, அதுக்குத்தான் நிறுத்திட்டாங்கன்னு கேட்டுக்கு ஓடினேன். காவலாளி டிக்கெட் கேட்டார். உள்ள என் வீட்டுக்காரர் இருக்கார், பேச வராது அவருக்கு, கூப்பிடக்கூட முடியாதுன்னு என்னென்னமோ சொல்லி அழுதேன். அவர் உள்ள யார்கிட்டயோ விசாரிச்சுட்டு வந்து, யாருக்கும் ஒண்ணும் இல்லைம்மா, மழைக்காக நிறுத்தியிருக்காங்கன்னார். உள்ள விட முடியாதுன்னார். ஆனா கேட்டை ஒரு முழம் திறந்து வச்சு, தன் குடையை அந்த இடத்துல பிடிச்சுக்கிட்டு, இங்க நின்னுக்கங்கன்னார்.

அப்பத்தான் உள்ளேருந்து அந்தப் பாட்டு வந்துச்சு. மேடை தெரியல, ஆளு தெரியல. அத்தனை ஆயிரம் பேரும் ஒரே குரலாப் பாடறாங்க. காவலாளியும் வாய்க்குள்ள முணுமுணுத்தார். எனக்கு ஒரு வார்த்தை புரியல. ஆனா நகர மனசு வரல.

கல்யாணமான நாள்லேருந்து, கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்னு அவர்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒரு வருஷமா ஒரு பேச்சுக்காக ஏங்கிக் கிடந்தேன். உன் கடிதத்தைப் படிச்சப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. நான் அந்தக் கேட்டுச் சந்துல நின்னப்ப அவர் பாடிக்கிட்டிருந்திருக்கார். எது அவர் குரல்னு தெரியாமலே, மொத்தத்தையும் கேட்டுக்கிட்டு நின்னிருக்கேன்.

உன் அண்ணி